கால் முந்தும், பயம் பிந்தும்

இரவு 10 மணி. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தாமான் வீடு. குப்பைப் பையை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து ஓர் அடி வைக்கிறீர்கள். கால்வாய் ஓரமாக ஏதோ சுருண்டு கிடக்கிறது. கால் தானாகப் பின்னால் வந்துவிடுகிறது. பை நழுவி விழுகிறது. மூச்சு ஒரு கணம் நின்று திரும்புகிறது. அப்புறம்தான் கண்ணுக்குப் பிடிபடுகிறது, அது கார் கழுவும் ரப்பர் குழாய்.

என்ன நடந்தது என்று கேட்டால், "பாம்புன்னு நினைச்சேன், பயந்துட்டேன், அதான் குதிச்சேன்" என்றுதான் எல்லோரும் சொல்வோம். நடந்த வரிசை அதுவல்ல. முதலில் குதித்தது கால். பாம்பு என்ற எண்ணமும் பயம் என்ற உணர்வும் அதன் பின்னால் வந்து சேர்ந்தன.

வாட்ஸ்அப் குறிப்புகளிலும் தன்முனைப்புப் பேச்சுகளிலும் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, "மூளையிலுள்ள அமிக்டலாதான் பயத்தின் மையம்." மற்றொன்று, "ஆபத்து வந்தால் மனிதன் சண்டை போடுவான், இல்லையென்றால் ஓடுவான்." இரண்டும் பாதி உண்மைகள். இதில் இரண்டாவது பாதி உண்மை மனிதர்களைக் காயப்படுத்துகிறது. கைப்பையைப் பறிகொடுத்து வந்த பெண்ணிடம் "ஏன் கத்தல? ஏன் ஓடல?" என்று வீட்டாரே கேட்பதற்குப் பின்னால் இருப்பது இந்த வாக்கியம்தான். அதனால் இந்த விஷயத்தைச் சற்று நிதானமாக, அடியிலிருந்து பார்ப்போம்.

வாசலில் ஒரு ஜாகா

ஒரு கொண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை 2 மணிக்கு ஒரு நிழல் மதில் ஏறுவதை வாசல் ஜாகா, அதாவது காவலாளி, பார்க்கிறார். பெயர் என்ன, எந்த மாடி, ஐசி இருக்கிறதா என்று அவர் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. சைரனை அழுத்திவிடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து நிர்வாகக் குழுவினர் இறங்கி வந்து கேமராப் பதிவைப் பார்க்கிறார்கள். "ஐந்தாவது மாடிப் பையன், அட்டையை மறந்துட்டுப் போயிருக்கான்" என்று சைரனை நிறுத்துகிறார்கள்.

ஜாகாவின் வேலை வேகமானது, ஆனால் தோராயமானது. குழுவின் வேலை துல்லியமானது, ஆனால் நேரம் பிடிக்கும். மூளையில் இந்த இரண்டு வேலைகளும் ஒரே சமயத்தில் தொடங்குகின்றன.

ஜாகா பத்து முறை தவறாகச் சைரன் அடித்தால் எல்லோருக்கும் தூக்கம் கெடும், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை அடிக்கத் தவறினால் ஒரு வீடே கொள்ளை போகலாம். ரப்பர் குழாயைப் பார்த்துக் குதிப்பதில் கொஞ்சம் சக்தி வீணாகும். நாகத்தைப் பார்த்துக் குதிக்காமல் இருந்தால் உயிர் போகும். இந்தக் கணக்கினால்தான், தவறினாலும் எச்சரிக்கையின் பக்கமே தவறும்படி நம் மூளை அமைந்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸி இதற்குப் "புகையறி கருவிக் கொள்கை" என்று பெயர் வைத்தார். ரொட்டி கருகினாலும் கத்தும் கருவிதான் நெருப்புப் பிடித்த அன்றைக்கும் கத்தும். கயிற்றைப் பாம்பாகக் காண்பதை மயக்கத்துக்கு உதாரணமாக நம் முன்னோர் சொன்னார்கள். அறிவைப் பொறுத்தவரை அது மயக்கம். உடம்பைப் பொறுத்தவரை அது காப்பு.

இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு. மூளையில் ஒரே ஒரு ஜாகா இல்லை, பலர் இருக்கிறார்கள். தீபாவளியன்று காதருகே பட்டாசு வெடித்தால் கண் இமை மூட 30 முதல் 50 மில்லி வினாடிதான் ஆகிறது. அந்தச் செய்தி காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து நேராகத் தசைக்கு இறங்கிவிடுகிறது. தலைக்கு மேலே கருநிழல் ஒன்று வேகமாகப் பெரிதாவதைக் கவனிக்க நடுமூளையில் தனி அமைப்பு உண்டு. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கூண்டுக்கு மேலிருந்த திரையில் ஒரு கரும்புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். பருந்தையே கண்டிராத ஆய்வகச் சுண்டெலிகள் உடனே மறைவிடத்துக்கு ஓடின, அல்லது அசையாமல் நின்றன.

குறுக்குவழியும் நெடுஞ்சாலையும்

கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் முதலில் தலாமஸுக்கு வருகின்றன. மூளையின் நடுவிலுள்ள தபால் பிரிப்பு நிலையம் என்று அதைச் சொல்லலாம். (வாசனை மட்டும் இந்த நிலையத்தில் நிற்காமல் வேறு வழியாகப் போகிறது.) அங்கிருந்து ஒரு கட்டு மூளைப் புறணிக்குப் போகிறது. மூளையின் மேலே மடிப்பு மடிப்பாகத் தெரியும் தோல்தான் புறணி. "இது ரப்பர், இது பச்சை நிறம், நேற்று நான்தான் இங்கே போட்டேன்" என்று அடையாளம் காண்பது அதன் வேலை. இன்னொரு கட்டு அமிக்டலாவுக்குப் போகிறது. கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பொட்டுக்கு நேரே உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பாதாம் பருப்பு வடிவக் கொத்து அது.

அமிக்டலாவுக்கு இப்படி ஒரு குறுக்குவழி இருப்பதை 1980-களில் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜோசஃப் லெடூ எலிகளை வைத்துக் காட்டினார். ஒரு சத்தத்தைக் கேட்கச் செய்து, கூடவே காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால், அடுத்த முறை சத்தம் மட்டும் கேட்டாலே எலி அசையாமல் உறைந்துவிடும். கேட்பதற்கான புறணியை நீக்கிய பிறகும் எலிகள் இதைக் கற்றுக்கொண்டன. தலாமஸில் கேட்பதற்கான பகுதியைச் சேதப்படுத்தியபோது அவற்றால் கற்க முடியவில்லை. அதாவது, சத்தம் இன்னதென்று நுணுக்கமாகப் பிரித்தறியும் இடம் இல்லாமலேயே எச்சரிக்கை வேலை செய்கிறது. மனிதனின் பார்வைக்கு இந்தக் குறுக்குவழி எவ்வளவு பயன்படுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது. ஆனால் பார்த்ததாகவே தெரியாத அளவுக்கு மின்னி மறைந்த அச்ச முகங்களுக்கும் மனித அமிக்டலா அசைவு காட்டுவதை ஸ்கேன்கள் பதிவு செய்துள்ளன.

அமிக்டலாவுக்குள் உள்வாசல், வெளிவாசல் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. உள்வாசலில் செய்தி சேர்கிறது, முன்பு பட்ட அடியோடு ஒப்பிடப்படுகிறது. வெளிவாசலிலிருந்து கட்டளைகள் கிளம்புகின்றன.

இதுவரை பார்த்தது: ஆபத்தைக் கண்டுகொள்ள வேகமான வழியும் துல்லியமான வழியும் சேர்ந்து ஓடுகின்றன. வேகமான வழி தவறலாம், ஆனால் அது தவறுவது நம்மைக் காக்கும் பக்கத்தில். நமக்குத் தெரிவதற்கு முன்பே கட்டளை போய்விடுகிறது.

அடிவயிற்றில் புளி கரைவது ஏன்

கட்டளை போகும் முக்கிய இடங்களில் ஒன்று ஹைப்போதலாமஸ். தலாமஸுக்குக் கீழே இருக்கும் இந்தச் சிறு பகுதிதான் பசி, உடல்சூடு, இதயத் துடிப்பு ஆகியவற்றின் கட்டுப்பாட்டறை. அது நரம்பு வழியாகச் சில நொடிகளுக்குள் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது.

அதன் பிறகு நடப்பதையெல்லாம் தமிழ் பேச்சுவழக்கு ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறது. நெஞ்சு படபடப்பது, தசைகளுக்கு அதிக இரத்தம் அனுப்ப. அடிவயிற்றில் புளியைக் கரைப்பது, குடலுக்குப் போன இரத்தம் கை கால்களுக்குத் திருப்பப்பட்டுச் செரிமானம் நின்றுபோவதால். நாக்கு ஒட்டிக்கொள்வது, உமிழ்நீர் வற்றுவதால். முகம் வெளுப்பது, தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால். ரோமம் சிலிர்ப்பது, மயிர்க்காலின் குட்டித் தசைகள் இழுப்பதால். இவற்றோடு கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது, கண்மணி விரிகிறது, நுரையீரலின் காற்றுக்குழாய்கள் அகலமாகின்றன.

அட்ரினலினுக்குப் பின்னால் மெதுவான இரண்டாவது அலை ஒன்று வருகிறது. அதுதான் கார்டிசோல், அதே சுரப்பியின் வெளிப்புறத்திலிருந்து வரும் இன்னொரு சுரப்பு. செலவான சக்தியை ஈடுகட்ட இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி வைப்பது அதன் வேலை. ஆபத்து தொடங்கி 20 முதல் 30 நிமிடங்களில் அது உச்சத்தைத் தொடும். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் உடம்பு அடங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் கோழை என்பதற்கு அது அடையாளமே இல்லை.

கையும் ஓடல, காலும் ஓடல

"சண்டை அல்லது ஓட்டம்" என்ற சொற்றொடர் ஹார்வர்டில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனனால் 1915 வாக்கில் பரவியது. அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் அட்ரினலினை. அதனால் உடம்பு பாய்ச்சலுக்குத் தயாராகும் பக்கம் மட்டுமே அந்தச் சொற்றொடரில் தங்கிவிட்டது. அதற்கு முந்திய படி ஒன்று விடுபட்டுப்போனது. "கையும் ஓடல, காலும் ஓடல" என்று நாம் சொல்கிறோமே, அந்த உறைவுதான் அது.

அமிக்டலாவின் வெளிவாசலிலிருந்து இன்னொரு பாதை நடுமூளைக்கு இறங்குகிறது. அங்கே ஒரு மெல்லிய நீர்க்குழாயைச் சுற்றிச் சாம்பல் நிறத் திசு இருக்கிறது. அதை நடுமூளைச் சாம்பல் பகுதி என்று அழைப்போம். அதன் ஒரு பக்கம் தூண்டப்பட்டால் விலங்கு ஓடும். இன்னொரு பக்கம் தூண்டப்பட்டால் அசைவற்று நிற்கும். உறைந்து நிற்கும்போது இதயம் படபடப்பதற்குப் பதிலாகச் சற்று மெதுவாகிறது. தசைகள் இறுகியிருக்கின்றன, கண்ணும் காதும் கூர்மையாகின்றன. வேட்டை விலங்குகளின் கண்ணில் முதலில் படுவது அசைவுதான் என்பதால், அசையாமல் நின்ற உயிர்கள் பிழைத்தன. கோபமான முகங்களைக் காட்டி உடல் அசைவை அளந்த சோதனைகளில், மனிதர்களும் தங்களை அறியாமல் அசைவைக் குறைத்துக்கொள்வது தெரிந்தது.

எந்த எதிர்வினை வரும் என்பதைத் தீர்மானிப்பதில் தூரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் நீண்ட வால் குரங்குகளைப் பார்த்திருப்பீர்கள். 50 மீட்டர் தொலைவில் ஒரு கூட்டம் தெரிந்தால், கையிலுள்ள பிளாஸ்டிக் பையை உள்ளே வைத்துவிட்டு வேறு பாதையில் போகலாமா என்று யோசிக்கிறோம். இங்கே யோசிக்கும் மூளைதான் முன்னால் நிற்கிறது. 5 மீட்டரில் ஒரு பெரிய ஆண் குரங்கு நம்மை நோக்கித் திரும்பினால் கால் நின்றுவிடுகிறது. அது பையின் மேல் பாய்ந்தால், கத்துவதும் உதறுவதும் ஓடுவதும் யோசனையில்லாமல் வருகின்றன. 2007-இல் லண்டனில் நடந்த சோதனையில், திரையில் ஓர் உருவம் துரத்த, அகப்பட்டவர் கையில் மின்னதிர்ச்சி விழுந்தது. துரத்தும் உருவம் தூரத்தில் இருந்தபோது நெற்றிக்குப் பின்னாலுள்ள புறணி அதிகம் இயங்கியது. நெருங்க நெருங்க, இயக்கம் நடுமூளைச் சாம்பல் பகுதிக்கு மாறியது. (குரங்கு விஷயத்தில் ஒரு குறிப்பு. பையை உணவு தெரியாதபடி மூடி வையுங்கள், கண்ணுக்குள் முறைக்காதீர்கள், ஓடாமல் மெதுவாக விலகுங்கள். 50 மீட்டரில் செய்து முடிக்க வேண்டியவை இவை. 1 மீட்டரில் நினைவுக்கே வராது.)

தூரம் பூச்சியமாகி, தப்ப வழியே இல்லை என்றால் வேறொரு வகை உறைவு வருகிறது. உடம்பு கட்டைபோல ஆகிவிடும், குரல் எழும்பாது, வலிகூடச் சரியாகத் தெரியாமல் போகலாம். பிடிபட்ட கோழியிடமும் முயலிடமும் இதைக் காணலாம். 2017-இல் ஸ்வீடனில் வெளியான ஆய்வு ஒன்று, பாலியல் வன்முறைக்குப் பிறகு அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டறிந்தது. அவர்களில் 70 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் கணிசமான அளவு அசைவற்ற நிலைக்குப் போயிருந்தார்கள். "எதிர்க்கவில்லையே, அப்படியானால் சம்மதம்தானே" என்று பேசும் வாய்கள் நம் சமூகத்திலும் இருக்கின்றன. அந்தப் பெண்கள் உடம்பு அசையாமல் போனதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நடுமூளை எடுத்த முடிவுக்கு அவர்களிடம் விளக்கம் கேட்பது அநியாயம்.

சுருக்கமாக: உறைவு, ஓட்டம், சண்டை, கடைசிக் கட்ட அசைவின்மை எல்லாமே தற்காப்பு எதிர்வினைகள். தூரமும் தப்பும் வழியும் பார்த்து மூளை ஒன்றை எடுக்கிறது. ஆள் துணிச்சலானவரா, மனவுறுதி உள்ளவரா என்பதை வைத்து இதை அளக்க முடியாது.

மோட்டார் சத்தம் கேட்டாலே

பின்னாலிருந்து மெதுவாக நெருங்கும் மோட்டார்சைக்கிள் சத்தம் பிறந்த குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஒரு முறை மோட்டாரில் வந்தவன் கைப்பையைப் பறித்துக்கொண்டு போயிருந்தால், அந்தச் சத்தமே பிறகு அபாயமணி ஆகிவிடும். அமிக்டலாவின் உள்வாசலில் சத்தத்தின் பாதையும் வலியின் பாதையும் ஒரே நரம்புச் செல்லில் வந்து சேர்கின்றன. இரண்டும் சேர்ந்து தட்டும்போது சத்தத்தின் இணைப்பு பலமடைகிறது. அடுத்த முறை சத்தம் மட்டுமே போதும். கடும் ஆபத்து என்றால் இந்தப் பாடத்துக்கு ஒரு தடவையே போதும்.

இந்த நினைவு நமக்குத் தெரிந்திருக்கவே தேவையில்லை. 1911-இல் ஜெனீவா மருத்துவர் எட்வார் கிளாபரேட் ஒரு குறிப்பு எழுதினார். புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாத நோயாளி ஒருவருக்கு அவர் கைகுலுக்கும்போது விரலிடுக்கில் ஊசியை மறைத்துக் குத்தினார். சற்று நேரத்தில் அந்தப் பெண் நடந்ததை மறந்துவிட்டார். ஆனால் மருத்துவர் மறுபடி கை நீட்டியபோது அந்தப் பெண் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், காரணம் சொல்லத் தெரியவில்லை.

பிறரைப் பார்த்தும் பாடம் ஏறும். ஆய்வகத்தில் வளர்ந்து பாம்பே அறியாத குரங்குகள், இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறும் காணொலியைப் பார்த்த பிறகு பாம்பை அஞ்சத் தொடங்கின. அதே அலறலைப் பூவோடு ஒட்டிக் காட்டியபோது பூவை அஞ்சவில்லை. எல்லாவற்றையும் ஒரே சுலபத்தில் அஞ்சக் கற்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. கரப்பான் பூச்சிக்கு அம்மா போடும் சத்தம் பிள்ளைக்கு எப்படிப் பாடமாகிறது என்பதும் புரியும்.

பாடம் பக்கத்துப் பொருள்களுக்கும் பரவும். மோட்டாரிலிருந்து சைக்கிளுக்கு, தெருவிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வது இதைத்தான். பரவாமல் வரம்பு கட்டும் வேலையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி உதவுகிறது. இடத்தையும் சூழலையும் நினைவில் வைப்பது அதுதான். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளையில் சுருண்டிருக்கும் விரியனை ஓரளவு அமைதியாகப் பார்த்துவிட்டு வருகிறோம். அதே விரியன் வீட்டுச் செருப்பு அலமாரியில் கிடந்தால் தெருவே கூடிவிடும். பாம்பு ஒன்றுதான், இடம் வேறு.

பழைய பாடம் அழிவதில்லை

"காலப்போக்கில் மறந்துவிடும்" என்று ஆறுதல் சொல்கிறோம். மூளை அப்படிச் செய்வதில்லை. மோட்டார் சத்தம் பலமுறை கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், "இந்தச் சத்தம் பாதுகாப்பானது" என்ற புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள புறணி அந்தப் புதிய பாடத்தைக் கொண்டு அமிக்டலாவை அடக்குகிறது. பழைய பாடம் அடியில் அப்படியே இருக்கும். நாள் கடந்தால் அது தானாகத் தலைகாட்டும் என்பதை ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் தம் சோதனை நாய்களிடமே கவனித்திருந்தார். இடம் மாறினாலும் தலைகாட்டும். ஜெலுத்தோங்கில் சரியாகிவிட்டது என்று நினைத்தவருக்கு, ஆயர் ஈத்தாம் சந்தில் திடீரென்று நெஞ்சு படபடப்பது இதனால்தான். "எல்லாம் வீணாப்போச்சு" என்று அவர் கலங்கத் தேவையில்லை. புதிய பாடம் அந்த இடத்தில் இன்னும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சை இந்த அடிப்படையில் நிற்கிறது. அது தோற்கும் இடங்களும் இங்கேதான் தெரிகின்றன. ஒரே இடத்தில் மட்டும் பயிற்சி செய்தால் பாடம் அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று மூளை எழுதிக்கொள்ளும். அடியோடு தவிர்த்துவிட்டால் புதிய பாடத்துக்கு வாய்ப்பே இல்லை.

அப்படியானால் பயம் எது?

அமெரிக்காவில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு, அரிய நோய் ஒன்றால் இரண்டு அமிக்டலாக்களும் சிதைந்துவிட்டன. பாம்பையும் சிலந்தியையும் அவர் அஞ்சாமல் தொடப்போனார். அமிக்டலா பயத்தின் மையம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று பலர் நினைத்தார்கள். 2013-இல் அவருக்கு 35 விழுக்காடு கரியமிலவாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது, கடும் பீதியில் உதவி கேட்டுத் துடித்தார். அமிக்டலா இல்லாமலேயே பயம் வந்தது. மூச்சுத் திணறலைக் கவனிக்கும் ஜாகா வேறு.

லெடூவே பிற்காலத்தில் தம் துறையினர் சொற்களைக் கலந்துவிட்டார்கள் என்று வாதாடினார். ஆபத்தைக் கண்டுபிடித்து உடம்பைத் தயார்ப்படுத்தும் அமைப்பு ஒன்று. பயம் என்ற உணர்வு இன்னொன்று. படபடப்பு, நினைவு, இடம், சொல் எல்லாவற்றையும் சேர்த்து "எனக்கு ஆபத்து" என்று புறணி கட்டும் அனுபவமே பயம் என்பது அவர் நிலைப்பாடு. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் இந்தப் பிரிப்பு நடைமுறையில் உதவுகிறது. தெலுக் பஹாங் பூங்காவின் நீர்ச்சறுக்கில் இறங்கும்போதும் நெஞ்சு அப்படியேதான் அடிக்கிறது, அதைக் குதூகலம் என்கிறோம். எலியின் உறைவைக் குறைக்கும் மருந்து மனிதனின் பய உணர்வையும் அதே அளவில் குறைக்கும் என்று எதிர்பார்க்க முடியாததும் இதனால்தான்.

முதல் அரை மணி நேரம்

பறிப்போ விபத்தோ நடந்து ஒருவர் நடுங்கிக்கொண்டு வந்தால், கார்டிசோல் அலை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார வையுங்கள். அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள், அந்த நேரத்தில் வலி தெரியாமல் இருக்கலாம். 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி விடச் சொல்லுங்கள். விடும் மூச்சு நீளும்போது இதயத்தை மெதுவாக்கும் நரம்பு வேலை செய்கிறது. ஆழமாக, வேகமாக இழுக்கச் சொன்னால் தலைசுற்றும், படபடப்பு கூடும்.

"ஏன் அப்படிச் செய்யல?" என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் வேண்டாம். "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். நினைவு துண்டு துண்டாக, வரிசை மாறி வரும். மோட்டாரின் நிறம் தெளிவாக இருக்கும், எத்தனை பேர் என்பது தெரியாது. போலீஸ் புகாருக்கு வரும் துண்டுகளை வந்தபடியே எழுதுங்கள், இடைவெளியை நீங்கள் நிரப்பாதீர்கள்.

ஒரு மாதம் கடந்தும் திடுக்கிடுதல், கெட்ட கனவு, அந்தத் தெருவைத் தவிர்ப்பது நீடித்தால் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். போகும்போது எந்தச் சத்தம், எந்த இடம், எத்தனை நாளாக, எதையெல்லாம் தவிர்க்கிறார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டால் அந்தத் தாள் பேசும்.